யாருக்கும் வாடகைக்கு விடாத இடம்



பல குடித்தனங்கள் சேர்ந்து வாழும் எந்த வீட்டிலும் ஓர் இடம் உண்டு. அதற்கு யாரும் வாடகை தருவதில்லை, யாரும் வாங்குவதுமில்லை. வாடகைச் சீட்டில் அதன் பெயர் வராது. தெருக்கதவிலிருந்து உள்ளே செல்லும் நடை, ஒவ்வொரு குடித்தனத்தின் வாயிலையும் தொட்டுச் செல்லும் வராந்தா, மாடிப்படி, படி திரும்பும் மேடை ஆகியவையே அந்த இடம். எல்லாரும் அதில் நடக்கிறார்கள். எவரும் அதனைப் பற்றி நினைப்பதில்லை. நினைப்பார் இல்லாத இடம் என்பதாலேயே, வீட்டுக்குள் கொள்ளாத பொருள்கள் மெல்ல மெல்ல அங்கே வந்து குடியேறிவிடுகின்றன.

தருமபுரி மாவட்டத்தின் ஊர்களில் வீடு மந்திரிக்கவும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லவும் பல ஆண்டுகளாக இத்தகைய நடைகளைக் கடந்து சென்று வருகிறோம். அங்கே நாம் காணாத பொருள் இல்லை. ஒருபுறம் குடிநீர்க் குடங்களின் வரிசை, அதனை அடுத்து இராகி மூட்டை, ஊரிலிருந்து வந்த புளிக்கூடை, பள்ளிப் பிள்ளையின் சைக்கிள், ஓடாத மின்விசிறி, பிள்ளைகள் வளர்ந்தபின் யாருக்கும் பயன்படாத தொட்டில், காலியான எரிவாயு உருளை, மாம்பழக் காலமானால் பழுக்க வைத்த கூடைகள். படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் செருப்புக் குவியல். இவற்றுக்கு நடுவே, ஒருவர் உடலைச் சாய்த்து நடக்குமளவுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை.

இதனால் எழும் சச்சரவுகளும் நம் செவிக்கு வருகின்றன. “வாடகை கொடுக்கிறேன், வாசலில் ஒரு சைக்கிள் வைக்கக் கூடாதா?” என்கிறார் குடியிருப்பவர். “இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறார்கள்” என்கிறார் வீட்டுக்காரர். எதிர்ப் போர்ஷனில் இருப்பவர் இருவரிடமும் பேசுவதை நிறுத்திவிடுகிறார். ஒரு குடத்தில் தொடங்கிய மனத்தாங்கல், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து வாங்கும் பழக்கத்தையும் முறித்துவிடுகிறது. இதனைச் சில்லறை விவகாரம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. இதில் உறவு மட்டுமன்று, உயிரும் அடங்கியிருக்கிறது.

பொருள் ஏன் வெளியே வருகிறது?

நடையில் பொருள் வைப்போர் எல்லாரையும் பொறுப்பற்றவர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. அதனை அறியாமல் தீர்வு தேடுவது, நோயை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ஆம் நாள் நம் மாவட்டம் உருவாயிற்று. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதன் பின்னர் எடுத்த 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் நம் மாவட்டத்து மக்கள் 15 இலட்சத்துக்கு மேல் இருந்தனர். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டும் வேலையை முன்னிட்டும் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் நகரத்துக்கு வந்தன. ஒரு குடும்பம் வாழக் கட்டிய வீட்டின் மேல் ஒரு மாடி எழுந்தது; அதன் மேல் இன்னொன்று எழுந்தது. அறைகள் பெருகின, படி மட்டும் பெருகவில்லை. ஐந்து பேர் ஏறி இறங்கக் கட்டிய படியில் இன்று முப்பது பேர் ஏறி இறங்குகிறார்கள்.

அடுத்தது தண்ணீர். நம் பகுதியின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதும், அதனால் பற்கள் கறைபட்டு எலும்புகள் நலிந்தோர் பலர் நம் நடுவே இருப்பதும் நீங்கள் அறிந்ததே. அதற்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல தண்ணீர் கிடைப்பது பெரும் பேறு. ஆயினும் அது வரும் நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ள குடும்பம், பத்தடிக்குப் பத்தடி அறையில் எத்தனை குடங்களை அடுக்கும்? குடங்கள் நடைக்கு வருவதற்கு அக்கறையின்மை காரணமன்று, அக்கறையே காரணம்.

மூன்றாவது, ஊர்த் தொடர்பு. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு துண்டு நிலம் உள்ளவர், நகரத்தில் குடியிருந்தாலும் அறுவடையைக் கைவிடுவதில்லை. இராகியும் சாமையும் புளியும் நிலக்கடலையும் ஆண்டுக்கு ஒருமுறை வீடு தேடி வருகின்றன. முன்னாள் வீடுகளில் அவற்றுக்குப் பரண் இருந்தது, குதிர் இருந்தது. இன்றைய வாடகைப் போர்ஷனில் சுவரில் ஒரு பலகை அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும்.

நான்காவது, களவுக்கு அஞ்சுதல். தெருவில் நிறுத்திய வண்டி காலையில் இருக்குமோ இராதோ என்று அஞ்சுகிறவர், அதனை உள்நடையில் ஏற்றிவிடுகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு வீட்டுச் சொந்தக்காரரைப் பற்றியும் ஒரு சொல். பல வீடுகளில் நடையை முதலில் அடைத்தவர் அவரே. கட்டட வேலையில் மிஞ்சிய சென்ட்ரிங் பலகை, பாதி தீர்ந்த சிமெண்டு மூட்டை, கழற்றிப் போட்ட பழைய கதவு ஆகியவை படிக்கட்டின் அடியில் ஆண்டுக்கணக்காய்க் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்த குடித்தனக்காரர், இது பொருள் போடும் இடம் என்று தாமும் கற்றுக்கொள்கிறார்.

புகை ஏறும் வழி

காரணம் நியாயமாயிருப்பதால் விளைவு தீங்கற்றதாகிவிடாது. தீ விபத்தில் மாண்டோர் பலரைக் கொல்வது நெருப்பன்று, புகை. மாடிப்படி, புகைபோக்கியைப் போலவே வேலை செய்கிறது. கீழே எரியும் பொருளின் சூடான புகை, மேலே செல்ல வேறு வழியின்றிப் படிக்கூண்டின் வழியாகவே ஏறுகிறது. மேல்மாடியில் உள்ளவர்கள் இறங்கி ஓட வேண்டிய வழியும் அதுவே. நெகிழிக் குடமும், பஞ்சு மெத்தையும், டயரும், நுரை இருக்கையும் எரிந்தால் எழும் கரும்புகையில் கரியமில வாயுவைவிடக் கொடிய நச்சு வாயுக்கள் உண்டு. அதைச் சில நிமிடங்கள் சுவாசித்தாலே மனிதன் உணர்விழந்து விழுகிறான்.

எரிவாயுவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. வீட்டு உபயோகத்துக்கு வரும் 14.2 கிலோ உருளையில் உள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு படர்ந்து, தண்ணீரைப் போலவே படி வழியாகக் கீழே இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். படிக்கட்டின் அடியில் உருளையை வைப்பது எவ்வளவு தவறு என்பதை இதனால் உணரலாம். காலி உருளை என்று நாம் சொல்வதிலும் சிறிது வாயு எஞ்சியிருக்கும்.

நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 2023 நவம்பர் 13-ஆம் நாள் ஐதராபாத்தின் நாம்பள்ளிப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தீப்பற்றியது. எல்லாரும் கடந்து செல்லும் அத்தளத்தில் இரசாயனப் பீப்பாய்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தீ அவற்றைப் பற்றிக்கொண்டது. புகை மாடிகளுக்கு ஏறியது. மேலே குடியிருந்தோரில் குறைந்தது 9 பேர் மாண்டனர். அவர்களுக்கும் அந்தப் பீப்பாய்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவற்றின் மேலே வாழ்ந்தார்கள், அவ்வளவே.

நமக்கு அண்மையிலுள்ள வேலூரில், 2022 மார்ச் மாத இறுதியில், இரவில் மின்னேற்றத்துக்கு விட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் செகந்திராபாத்தில், மின்ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தின் மேல் இயங்கிய தங்கும் விடுதியில் 8 பேர் மாண்டனர். அங்கும் புகை ஏறியது படி வழியாகவே. மின்வண்டியை வேண்டாத பொருள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உறங்கும் நேரத்தில், எல்லாரும் வெளியேற வேண்டிய ஒரே வழியில், அதனை மின்னேற்றத்துக்கு நிறுத்துவது ஆபத்தை வாயிற்படியில் காவல் வைப்பதாகும்.

1997 ஜூன் 13-ஆம் நாள் டில்லியின் உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டதையும் நினைவுகூர்வோம். தீ தொடங்கியது கீழ்த்தளத்து மின்மாற்றியில். பால்கனியில் இருந்தோர் வெளியேற முடியாமற் போனதற்கு ஒரு காரணம், கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக நடைவழி ஒன்று அடைக்கப்பட்டிருந்தது. சில நுழைவுச் சீட்டுகளின் வருவாய்க்காக வழியை விற்றுவிட்டார்கள். 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்தோம். அங்கே பற்றியது கீற்றுக்கூரை. அச்சம் பிடித்த பிள்ளைகளுக்கு இருந்ததோ குறுகிய மாடிப்படி. ஒவ்வொன்றிலும் தீயின் காரணம் வேறு. ஆனால் தப்பும் வழி போதாமற் போனதே எங்கும் சாவைப் பெருக்கியது.

தீயில்லா நாளிலும்

தீ விபத்து நம் வீட்டில் நடவாது என்று எண்ணுவோர் உண்டு. நடவாதிருக்க வேண்டுவோம். ஆயினும் நோயும் முதுமையும் சாவும் வராத வீடு இல்லையே!

நம் மாவட்டத்து ஊர் ஒன்றில், இரண்டாம் மாடியில் குடியிருந்த முதியவர் ஒருவர் நள்ளிரவில் பக்கவாதம் தாக்கி விழுந்தார். 108 வண்டி விரைவாகவே வந்து சேர்ந்தது. ஆனால் முதல் மாடியின் திருப்பத்தில் பழப்பெட்டிகளும் மடித்து வைத்த கட்டிலும் இருந்தமையால், தூக்குபடுக்கையைத் திருப்ப இயலவில்லை. இருட்டில் பெட்டிகளை ஒவ்வொன்றாய் அகற்றினார்கள். கடைசியில் முதியவரை நாற்காலியில் அமர்த்தி, இருவர் முன்னும் பின்னுமாகப் பிடித்து இறக்கினார்கள். முன்னால் நின்று தூக்கியவர், அந்தப் பெட்டிகளை அங்கே வைத்திருந்த இளைஞரே.

முதியவர் பிழைத்துக்கொண்டார், வலக்கை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்தத் தாமதம்தான் காரணம் என்று சொல்ல நாம் மருத்துவர் அல்லோம். ஆனால் பக்கவாத நோயில் ஒவ்வொரு நிமிடமும் விலை மதிப்புள்ளது என்பதை மருத்துவர்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். அந்த இளைஞர் பிற்பாடு நம்மிடம் வந்து, “சாமி, அந்தத் தாத்தா தினமும் என்னைப் பார்த்து, ‘நல்லா இருக்கியா தம்பி’ன்னு கேக்கறாரு. அதுதான் தாங்க முடியல” என்று சொல்லிக் கண் கலங்கினார். யாரும் அவரைக் குற்றம் சாட்டவில்லை. அவர் தீயவரும் அல்லர். இரண்டு நாள் இருக்கட்டும் என்று வைத்த பெட்டிகள் இரண்டு மாதம் இருந்துவிட்டன.

மரித்தோரைக் கொண்டு வரும்போதும் இதே நிலைதான். சவப்பெட்டியைப் படியில் திருப்ப முடியாமல், பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டு உடலைத் துணியில் ஏந்தி இறக்கிய வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளின் கண்முன் அப்படி நடக்க வேண்டுமா? கர்ப்பிணிப் பெண், பார்வை மங்கிய பாட்டி, ஊன்றுகோலில் நடப்பவர் ஆகியோருக்கு நடையிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு தடைக்கல்லே.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த இது, நகர்ப்புறங்களுக்கு உரியது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அது வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை.

இருவர் பக்கத்திலும் இது சிலவற்றைச் சொல்கிறது. குடியிருப்பவர் தமக்கு விடப்படாத கூடுதல் இடத்தை ஆக்கிரமிப்பதை, இடத்தைத் தவறாகப் பயன்படுத்துதல் என்றே இச்சட்டம் கொள்கிறது. நிறுத்துமாறு அறிவிப்புக் கொடுத்த பின்னரும் அது தொடர்ந்தால், வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கோருவதற்கு அது ஒரு காரணமாகும். ஆகவே “நடைதானே, யார் கேட்பது?” என்பது சரியான பேச்சன்று.

ஆனால் வீட்டுக்காரர் தாமே நீதிபதியாகிவிடவும் சட்டம் இடம் தரவில்லை. பொருளைத் தெருவில் எறிவதும், பூட்டுப் போடுவதும், தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் கூடாது. இன்றியமையாச் சேவைகளை நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். அச்சேவைகளின் பட்டியலில் நடைக்கும் படிக்கும் உரிய விளக்கும் சேர்ந்தது என்பதைப் பலர் அறியார். இருட்டில் கிடக்கும் படி, வீட்டுக்காரரின் பொறுப்பில் சேரும்.

வீட்டைச் சொந்தமாக வாங்கி அடுக்குமாடியில் வாழ்வோருக்கும் இதே நெறிதான். 1994-இல் இயற்றப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் படியையும் நடையையும் பொதுப் பகுதி என்றே வகுத்தது; பின்னர் 2022-இல் இயற்றப்பட்ட சட்டமும் அவ்வாறே வகுக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் வழியில் எவ்விதத் தடையும் இருத்தலாகாது என்கிறது.

கடல் கடந்த நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூர்வாசிகளில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். நம் தமிழ்க் குடும்பங்களும் அங்கே நிரம்ப உண்டு. அந்நாட்டின் குடிமைத் தற்காப்புப் படை, பொது நடையில் 1.2 மீட்டர், அஃதாவது ஏறத்தாழ நான்கடி, எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று விதித்துள்ளது. செடித்தொட்டியையும் சைக்கிளையும் அவர்கள் அடியோடு வெறுக்கவில்லை. வழி எவ்வளவு என்பதை முதலில் அளந்து ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வரிசை முறை நமக்கும் ஏற்றது.

எப்படித் தீர்ப்பது?

குருமடத்தில் நாம் கற்ற பழைய பாடம் ஒன்று உண்டு: உடைமை வேறு, உபயோகம் வேறு. நடையின் உடைமை வீட்டுக்காரருக்கு உரியது. அதன் உபயோகம் அங்கே வாழும் எல்லாருக்கும் உரியது. இதனை இருவரும் ஏற்றுக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குச் சில வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, வீட்டுக்காரர் தம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். படிக்கட்டின் அடியில் கிடக்கும் பலகையையும் மூட்டையையும் தாம் அகற்றிய பிறகே மற்றவரிடம் பேசவேண்டும். தம் பொருள் கிடக்கும்போது சொல்லும் சொல்லுக்கு வலுவில்லை.

இரண்டாவது, சுவரில் எழுதி ஒட்டுவதற்கு முன் நேரில் பேசவேண்டும். பொது இடத்தில் பிறர் கேட்கச் சொன்னால் அது அவமானமாகும். வீட்டுக்குள் அமர்ந்து சொன்னால் அறிவுரையாகும். “தம்பி, வண்டியை இங்க விட்டா மேல இருக்கிற பாட்டியை அவசரத்துக்கு இறக்க முடியாதுப்பா. பின்பக்கம் கொட்டாய்ல இடம் ஒதுக்கித் தரேன், அங்க விட்டுக்கோ” என்று ஒரு வீட்டு அம்மா பேசியதை நாம் கேட்டோம். குற்றம் சொல்லாமல், காரணம் சொல்லி, மாற்றும் சொன்னார். மறுநாள் வண்டி இடம் மாறியது.

மூன்றாவது, மாற்று இடம். இதுவே இவ்விவகாரத்தின் உயிர்நிலை. எடுத்துவிடு என்று சொல்வது எளிது. எங்கே வைப்பது என்பதற்கு விடை வேண்டும். ஒவ்வொரு போர்ஷனிலும் ஒரு பரண் கட்டிக் கொடுத்தால், மூட்டைகள் தாமே உள்ளே போய்விடும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கீழ் உள்ள இடத்தைப் பூட்டுள்ள அறையாக்கலாம். குடங்களுக்குக் குளியலறைச் சுவரை ஒட்டி ஓர் அடுக்கு மேடை போதும். இதற்கு ஆகும் செலவு, ஒரு குடித்தனம் காலி செய்து போர்ஷன் பூட்டிக் கிடக்கும் மாதங்களின் வாடகையைவிடக் குறைவாகவே இருக்கும். முன்னே சொன்ன முதியவர் வாழும் வீட்டில் இப்படியே செய்தார்கள். படியின் திருப்பத்தில் இன்று ஒரு செருப்புக்கூட இல்லை.

நான்காவது, அளவும் கெடுவும். “கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்” என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு. தரையில் வண்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. படியிலும் படியின் திருப்பத்திலும் ஒரு பொருளும் ஆகாது. நடையில் கோட்டுக்கு உட்பட்ட வழி எப்போதும் காலியாயிருக்க வேண்டும். அறுவடை மூட்டை வந்தால் எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் முன்னரே பேசி முடிவு செய்யலாம். எரிவாயு உருளை, பெட்ரோல், வண்ணப்பூச்சு, பட்டாசு ஆகியவற்றுக்கு ஒரு நாள் தவணையும் தரலாகாது.

ஐந்தாவது, எழுத்து. புதிதாகக் குடி வருவோரின் ஒப்பந்தத்தில் பொது நடை பற்றி இரண்டு வரி சேர்க்க வேண்டும். எது கூடாது என்பதோடு, பொருள் வைக்க எந்த இடம் தரப்படுகிறது என்பதும் அதில் இருக்கட்டும். பேசியும் இடம் கொடுத்தும் கேளாதவர்க்கு, நாளிட்ட கடிதம் ஒன்று கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் இணங்காவிடில் சட்டத்தின் வழி திறந்திருக்கிறது. அது கடைசிப் படி, முதற்படியன்று.

குடியிருப்போருக்கு ஒரு சொல்

வாடகை கொடுப்பவர் நீங்கள். உங்கள் இடநெருக்கடி உண்மையானது. அதனை வாய்திறந்து கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. பரண் வேண்டும், விளக்கு வேண்டும், வண்டிக்கு நிழல் வேண்டும் என்று கேளுங்கள். கேளாமல் நடையில் பரப்பிவிடுவதுதான் பொருந்தாது. ஏனெனில் அந்த நடையில் உங்கள் வீட்டுக்காரருக்கு இழப்பு சிறிது. எதிர்வீட்டுக் குழந்தைக்கும் மேல்வீட்டு முதியவருக்குமே இழப்பு பெரிது. உங்களைப் போலவே அவர்களும் வாடகை கொடுக்கிறவர்கள்.

பொருள்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நடையில் கிடப்பவற்றில் பாதி, ஓராண்டாக யாரும் தொடாதவை. பழுதுபார்ப்போம் என்று வைத்த மின்விசிறி பழுதுபார்க்கப்படுவதில்லை. தொட்டில் தேவைப்படும் இளந்தாய் அடுத்த தெருவிலேயே இருப்பாள். பயன்படாத பொருளைத் தேவையுள்ளவருக்குக் கொடுத்தால் வழியும் பிறக்கும், உறவும் பிறக்கும்.

1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்புப் பணியாளரின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாள்களில் நிலைய அலுவலரை உங்கள் தெருவுக்கு அழைத்து, அவர் வாயால் இவற்றைக் கேட்கலாம். அன்பியக் கூட்டங்களுக்கு இது நல்லதொரு பணி. 101 என்னும் எண்ணைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

அதற்காக ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும்போது, எல்லாக் குடித்தனத்தாரையும் அழைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். மேல்மாடியிலிருந்து ஒரு மடக்குக் கட்டிலை இருவர் முன்னும் பின்னுமாகப் பிடித்து, எங்கும் சாய்க்காமல், எதையும் நகர்த்தாமல், தெருக்கதவு வரை கொண்டு வரட்டும். எங்கெல்லாம் நிற்க நேர்கிறதோ, அங்கெல்லாம் இருக்கும் பொருளை அன்று மாலைக்குள் அப்புறப்படுத்துங்கள்.